வெர்னியர் அண்ணன் பாஸ் பண்ணிய சைக்கிள்

கோயமுத்தூரில் கோர்ட்டுக்கு மேல் ஒரு கோர்ட் இருந்தது. கணபதியில், எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு லைன் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடிப் பதினோரு மணிக்குக் கலையும். நீதிபதி முண்டா பனியன் போட்டிருப்பார். வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. கூண்டில் ஏறுவது பழைய சைக்கிள்கள் மட்டும். போலீஸே கைவிட்ட நாற்பது வருஷத்துத் திருட்டுக் கேஸ் ஒன்றை அந்த நீதிபதி தீர்த்து வைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவருக்கு வெர்னியர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். அவர் அங்கேயே இன்ஸ்பெக்ஷன். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் மில்லிமீட்டரையும் கூறு போட்டுக் காட்டும் வெர்னியர் காலிப்பரை வைத்திருப்பார். எதைப் பார்த்தாலும் கை தானாகப் பைக்குப் போகும். கேன்டீனில் வடை வந்தால் வாயில் வைக்கும் முன் அளப்பார்.

"மாஸ்டர், நேத்தைக்கும் இன்னைக்கும் மூணு எம்எம் வித்தியாசமுங்க."

"மாவு கொஞ்சம் இளகிப் போச்சுங்க."

"இளகட்டுமுங்க. ஓட்டை மட்டும் அப்படியே இருக்குதே, அது எப்படீங்க?"

கேன்டீன் மாஸ்டர் அவருக்கென்று தனியாக ஒரு வடை தட்ட ஆரம்பித்தார். அதற்கு இன்ஸ்பெக்ஷன் வடை என்று பெயர் வந்துவிட்டது.

அவர் பெண் பார்க்கப் போன கதையை அவர் மனைவி சொல்லித்தான் கேட்க வேண்டும். "என்னைய நிமிந்தே பாக்கலீங்க. காப்பி குடிச்சு முடிச்சு டம்ளரோட வெளிம்பை அளந்தாரு. 'தகட்டுக் கேஜு நல்லா இருக்குதுங்க, எனக்குச் சம்மதம்'னு எந்திரிச்சுட்டாரு. எங்கப்பாரு அந்த டம்ளரையும் சீரோட சேத்து அனுப்பிச்சுப்போட்டாரு." அந்த டம்ளரில்தான் எனக்கும் காப்பி கிடைக்கும். நான் அடுத்த போர்ஷன். என் கையெழுத்து சுமாராக இருக்கும் என்பதால் கோர்ட் குமாஸ்தா வேலையும் என் தலையில் விழுந்தது.

கோர்ட்டின் நடைமுறைகள் கறாரானவை. வண்டி வந்ததும் முதல் வேலை, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவது. வண்டியின் யோக்கியதை அடிவயிற்றில்தான் தெரியும் என்பார். இரண்டாவது, வண்டிக்காரர் வாய் திறக்கக் கூடாது. "நீங்க சித்த சும்மா இருங்க, அது பேசட்டும்." மூன்றாவதுதான் முக்கியம். விலையை வாயால் சொல்ல மாட்டார். அவர் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, மகனும் அதே முறைதான். ஒரு விரல் நூறு ரூபாய். எதிராளிக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். பத்துப் பேர் முன்னால் ஒருத்தர் சைக்கிளை மட்டம் என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷன் எந்த முகத்தோடு ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான் என்று கேட்பார். என் சைக்கிளுக்கு அவர் ஒரு விரலைத் தொட்டார். பிடிப்பார் என்று காத்திருந்தேன். பிடிக்கவே இல்லை.

பல்லடத்திலிருந்து தறிப்பட்டறைக்காரர் ஒருவர் வேனில் ஒரு சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் தாத்தா காலத்தில் லண்டனிலிருந்தே கப்பலில் வந்ததாம். முன்னால் பித்தளைச் சின்னம் தகதகவென்று மின்னியது. வெர்னியர் அண்ணன் வண்டியைக் கவிழ்த்தார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"சின்னம் லண்டன்தானுங்க."

தறிக்காரர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பெருமையாகப் பார்த்தார்.

"வண்டி லூதியானாங்க. ரெண்டுக்கும் நடுவால நாலு ஸ்குரூ இருக்குது பாருங்க, அது நம்ம டவுன்ஹால் பக்கமுங்க."

அவர் எதையும் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்ல மாட்டார். ஒரு 'ங்க' போட்டு, வெல்லத்தில் பொதிந்த மாத்திரை மாதிரி கொடுப்பார். தறிக்காரர் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

பந்தய சைக்கிள் என்று யாராவது வந்தால் அண்ணன் சீட்டை உருவிவிடுவார். சீட்டைத் தாங்கும் தண்டை அளப்பார். எனக்கு நூறு தரம் விளக்கியிருக்கிறார். குழாய்கள் வெளியே பார்க்க ஒரே பருமன்தான். மட்டமான இரும்பு என்றால் குழாயின் சுவர் தடியாக இருக்கும், ஓட்டை சிறுத்துப் போகும். உசத்தியான எஃகு என்றால் மெல்லிய சுவரே தாங்கும், ஓட்டை பெரிசு, தண்டும் பெரிசு. இருபத்தேழு புள்ளி ரெண்டு என்று காலிப்பர் காட்டிவிட்டால் அது ராஜ பரம்பரை. அப்படி ஒன்று வருமா என்று ஆறு வருஷமாகக் காத்திருந்தார்.

வந்தது. பம்ப் பச்சை நிறத்தில் வந்தது.

கொண்டுவந்தவர் எங்கள் பேக்கிங் செக்ஷனில் மரப்பெட்டி அடிக்கிற சவரியண்ணன், பெரியநாயக்கன்பாளையத்துக்காரர். கீழ்ப்பக்கம் வளைந்து மடங்கிய ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார், பின் சக்கரத்தில் மூன்று கியர். ஆனால் மேலிருந்து கீழ் வரை எங்கள் கம்பெனி மோட்டாருக்கு அடிக்கிற அதே பச்சை எனாமல். போதாததற்கு, பெட்டியில் அடித்த பழக்கத்தில் குறுக்குக் குழாயில் 'இந்தப் பக்கம் மேலே' என்று ஸ்டென்சில் வைத்து இரண்டு அம்புக்குறியும் போட்டிருந்தார். அண்ணன் வழக்கப்படி வண்டியைக் கவிழ்த்ததும் அம்புகள் இரண்டும் தரையைக் காட்டின. சவரியண்ணன் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் சீட்டை உருவினார். அளந்தார். காலிப்பரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். இருபத்தேழு புள்ளி ரெண்டு. எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பனியனோடு அந்த வண்டி முன்னால் உட்கார அவருக்கு மனசு வரவில்லை.

துண்டுக்குள் கை போனது. சவரியண்ணன் முகம் வெளுத்தது.

"அஞ்சு வெரலுங்களா? ஐநூறா?"

அண்ணன் முதன்முறையாகத் தன் சட்டத்தைத் தானே மீறி வாய் திறந்தார். "ஒவ்வொண்ணும் ஆயிரமுங்க. எட்டு புடிக்கலாமுன்னுதான் நெனச்சேன். பச்சை பெயிண்டுக்கு மூணு மடக்கிட்டேன்."

ஐயாயிரம் என்றால் அன்றைக்கு எங்கள் இரண்டு மாசச் சம்பளத்துக்கு மேல். சவரியண்ணன் சந்தோஷப்படவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "திருட்டு வண்டிக்கு இத்தனை வெலைங்களா? அப்ப ஊருல பேசறது இன்னும் எச்சாத்தானுங்க ஆகும்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் அப்பா அந்தோணி, ஊர்ப் பக்கத்து மில் பங்களாவில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலையில் இருந்தவர். அவர்கள் பரம்பரைப் பண்ணையாட்கள். அந்தோணிதான் முதன்முதலில் பண்ணையை விட்டு மில்லுக்கு வந்தது. மிஷின் மாட்ட இங்கிலாந்திலிருந்து வந்த துரை ஒருவர் பங்களாவில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டுக்கொம்பு சைக்கிளில் மேட்டுப்பாளையம் போய் வருவார். வண்டியைத் துடைத்து வைப்பது அந்தோணி. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் துரை ஊருக்குப் போனார். மறுநாள் பார்த்தால் சைக்கிளைக் காணோம். மில் மேஸ்திரி ரங்கசாமி போலீஸுக்குச் சொல்ல, அந்தோணியை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு, சாமான் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து அந்தோணி வீட்டில் ஓர் ஆட்டுக்கொம்பு சைக்கிள் நின்றது. துரை பார்சலில் அனுப்பினார் என்றார் அந்தோணி. தண்ணி விடுகிறவனுக்குத் துரை சைக்கிள் அனுப்புவாரா என்று ஊரே சிரித்தது. பார்சல் காகிதத்தைக் காட்டலாம் என்றால் கரையான் தின்றுவிட்டது. அந்தோணி ஒருநாள் கூட ஓட்டாமல் வண்டியை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வழி சொன்னால் 'துரை சைக்கிளைத் திருடுன ஊட்டுக்கு அடுத்த ஊடு' என்றுதான் சொல்கிறார்களாம்.

"எங்கப்பாருக்கு எழுவத்தெட்டு ஆச்சுங்க. இந்தப் பேரோடவே போய்ச் சேந்துருவாரோன்னு இருக்குது. வண்டிய வித்துப்போட்டாலாவது பேச்சு ஓயுமான்னு பாத்தேன்."

வெர்னியர் அண்ணன் ஆறுதல் எல்லாம் சொல்கிற ரகம் இல்லை. "மூணு கியர் ஹப்புல தயாரிச்ச வருசத்தைக் குத்தித்தானுங்க அனுப்புவாங்க. துரை போனதுக்கப்புறம் செஞ்சதுன்னா, அதைச் செய்யறதுக்கு முன்னாடியே எப்படித் திருட முடியும்?" என்று சொல்லிக்கொண்டே பின் சக்கரத்தின் நடுவில் குனிந்தார். நிமிரவே இல்லை.

ஹப் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவர் முகம்தான் அதில் தெரிந்தது.

"இங்க இருந்த நம்பர் எங்கீங்க?"

"நம்பருங்களா? என்ற மச்சான் பஃபிங் பட்டறைல இருக்கானுங்க. கறை புடிச்சுக் கெடந்துச்சு. உங்ககிட்டக் கொண்டாரமேன்னு மழமழன்னு தேய்ச்சுக் குடுத்தானுங்க."

இது எங்கள் ஊர் வியாதி. ஒரு பொருளை உள்ளபடி அடுத்தவர் கையில் கொடுக்க எங்களுக்குக் கை வராது. தேய்க்க வேண்டும், கழுவ வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். ஆயுத பூஜைக்குத் தண்ணீர்த் தொட்டிக்கே பெயிண்ட் அடிக்கிறவர்கள் நாங்கள். ஒரு மனுஷன் மானத்தைக் காப்பாற்றக் கூடிய ஒரே சாட்சியை மரியாதைக்காகத் தேய்த்து அழித்துவிட்டு நின்றார் சவரியண்ணன்.

அண்ணன் ஹப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். காப்பி ஆறியது. அவர் மனைவி டம்ளரை எடுக்க வந்தபோது சட்டென்று எழுந்தார். "குத்துன குத்து எங்கியும் போகாதுங்க. மேலதான் தேஞ்சிருக்கும். உள்ள இரும்பு நசுங்குனது நசுங்குனதுதான்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் ஃபவுண்டரி லேபில் ஹப்பை வைத்தார். இரும்பின் தரம் பார்க்க அங்கே ஒரு திராவகம் இருக்கும். மேல் முலாமை எடுத்துவிட்டுப் பஞ்சில் திராவகத்தைத் தொட்டுத் தடவினார். ஒன்றும் இல்லை. துடைத்தார், தடவினார், துடைத்தார், தடவினார். நாங்கள் யாரும் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. கரும்பலகையில் ஈரத்துணியால் அழித்த கணக்கு காய்ந்ததும் மங்கலாகத் திரும்பி வருமே, அந்த மாதிரி ஓர் ஐந்து வந்தது. அதற்குப் பக்கத்தில் மெதுவாக ஓர் இரண்டு.

ஐம்பத்திரண்டு. துரை கப்பல் ஏறி நாலு வருஷம் கழித்து.

சவரியண்ணன் அண்ணனின் திராவகக் கையையே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். அண்ணன் கையை இழுத்துக்கொண்டு, "ஹப் பாஸுங்க. வண்டி ஹோல்டு" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "அண்ணா, இது என்ன பம்ப்பா? அதான் தெரிஞ்சுபோச்சே, சொல்லிட வேண்டியதுதானே!"

"ஹப்பைப் பின்னால மாத்தியிருப்பான்னு அந்த மேஸ்திரி சொன்னா நீங்க என்னங்க சொல்லுவீங்க? பாதி பாஸ் பண்ணுனா அந்தப் பெரியவரு பாதித் திருடனாவே இருப்பாருங்க."

ஃபிரேமின் அடியில் ஒரு நம்பர் இருந்தது. அது எந்த வருஷம் என்று பார்க்க அவரிடம் பட்டியல் இல்லை. மூன்று நாள் வடையைக்கூட அளக்காமல் சாப்பிட்டார். கேன்டீன் மாஸ்டர் பயந்துபோய் என்னிடம் வந்து விசாரித்தார். நாலாம் நாள் அண்ணன் பேக்கிங் செக்ஷனுக்கு ஓடினார்.

"சவரி, அந்தத் துரை என்ன ஒசரமுங்க?"

"பனை மரமுன்னு சொல்லுவாங்க. ரங்கசாமி மேஸ்திரி ஒருக்கா அவருக்குத் தெரியாம வண்டில ஏறிப் பாத்து, காலு தரைக்கு எட்டாம மில் கேட்டுச் சாக்கடைல உளுந்தாருங்களே! அந்த முட்டித் தழும்பை இன்னைக்கும் காட்டுவாருங்க."

அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோர்ட் பெரியநாயக்கன்பாளையத்தில் கூடியது. மேஸ்திரி வீட்டு எதிரில் ஒரு டீக்கடை. மேஸ்திரிக்கும் எண்பது நெருங்கியிருந்தது. வெள்ளை வேட்டி, வாசலில் பிரம்பு நாற்காலி. பச்சை சைக்கிளைத் தெருவில் நிறுத்தியதும் டீக்கடை மொத்தமும் கிளாஸோடு இறங்கி வந்துவிட்டது. அந்தோணிப் பெரியவர் வரமாட்டேன் என்றவர், வந்து ரோட்டின் அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

அண்ணன் கையைக் கூப்பினார். "ஏனுங்க, துரை வண்டில ஏறிப் பாத்தவரு நீங்க ஒருத்தருதானுங்க. இது அதுதானுங்களா?"

"அதேதான். அந்த ஆட்டுக்கொம்பு ஒண்ணு போதாதா?"

"அப்பச் சித்த ஏறி உக்காந்து காட்டுங்க."

மேஸ்திரிக்குச் சபலம் தட்டியது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். இரண்டு பாதமும் தரையில் சப்பென்று பதிந்தன.

டீ மாஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். "ஏனுங்க மேஸ்திரி, அன்னைக்கு எட்டாத காலு, வயசான பொறகு வளந்துபோச்சுங்களா?"

"சீட்டை எறக்கி வெச்சிருக்கானப்பா!"

"சீட்டை எறக்கலாமுங்க," என்றார் அண்ணன். "நீங்க இப்பக் காலுக்கு நடுவால வெச்சிருக்கற குறுக்குக் குழாயை எறக்க முடியாதுங்க. இது இருவது இஞ்சு ஃபிரேம். துரை ஒசரத்துக்கு இருபத்தஞ்சாவது வேணும். அவரு இதுல ஏறுனா முழங்காலு தாடைல இடிக்குமுங்க."

பிறகு ஹப்பைக் காட்டினார். மேஸ்திரி கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். "அப்ப அந்த வண்டி என்னாச்சு?" என்றார், குரல் இறங்கிப்போய்.

"தன்னோட வண்டியத் தானே எடுத்துட்டுப் போறதுக்கு, யாருங்க மேஸ்திரிகிட்டக் கேட்டுட்டுப் போவாங்க?"

அண்ணன் ரோட்டைக் கடந்து வேப்பமரத்தடிக்குப் போனார். நாங்களும் போனோம். "பெரியவரே, உங்களுக்கு இத்தனை பொருத்தமா எப்படீங்க அனுப்புனாரு?"

அந்தோணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போறதுக்கு மொத நாளு டேப்பு வெச்சு என்ற காலை அளந்தாருங்க. டவுசர் தெச்சுத் தருவாராட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

"இதை ஏனுங்க யாருகிட்டயும் சொல்லல?"

"யாருங்க கேட்டாங்க? எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னுதானுங்க கேட்டாங்க."

அண்ணன் டேப்பை எடுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து பெரியவரின் காலை அளந்தார். உள்ளங்கையில் விரலால் கணக்குப் போட்டார். அந்தக் காலுக்கு ஃபிரேம் இருபது இஞ்சு என்று சரியாக வந்தது. ஒரு தோட்டக்காரனின் கால் அளவைக் கப்பலில் கொண்டுபோய், ஐந்து வருஷம் தொலைக்காமல் வைத்திருந்து, அதற்கேற்ற வண்டியை அனுப்பியிருக்கிறார் அந்த மனுஷன். வெர்னியர் அண்ணன் முகத்தில் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது. டேப்பைச் சுருட்டவே மறந்து நின்றார்.

மேஸ்திரி தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஏனப்பா அந்தோணி, இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"நாப்பது வருசமாச் சொல்லீட்டுத்தானுங்க இருக்கேன்."

மேஸ்திரி தடியைப் பார்த்துக்கொண்டார். "தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார். அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அட, யாரங்கே, அந்தோணிக்கு ஒரு சேர் கொண்டாந்து போடுங்க" என்று கத்தினார். அந்த வாசலில் அந்தோணி வீட்டு ஆட்கள் அதுவரை உட்கார்ந்ததில்லை என்று சவரியண்ணன் என் காதில் சொன்னார். சேர் வந்தது.

பெரியவர் உட்காரவில்லை. "இருக்கட்டுமுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தார். ஓட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் ஓட்டவில்லை. பட்டப்பகலில், நடுரோட்டில், அதைத் தள்ளிக்கொண்டே நடந்தார். மில் கேட்டைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, மாதா கோவில் வரை போய்த் திரும்பி வந்தார். கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு கடை முன்னாலும் ஒரு வினாடி நின்று, நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல வண்டியைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். சவரியண்ணன் வெளிப்படையாகவே அழுதார்.

வெர்னியர் அண்ணன் பின் சக்கரத்தை உற்றுப் பார்த்தபடி கூடவே நடந்தார். "அரை எம்எம் ஆடுதுங்க" என்றார் என்னிடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நோட்டுல எழுதிக்கங்க. வண்டி பாஸ். பெரியவரும் பாஸ்" என்றார். வண்டியை விற்கவில்லை. விலை பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

நான் அந்தக் கம்பெனியை விட்டு, கணபதியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த மனுஷனைப் பிடித்த அளவுக்கு எனக்கு யாரையும் பிடித்ததில்லை. இதை அவரிடம் ஒருநாளும் நேரில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "எத்தனை எம்எம்முங்க?" என்று கேட்டிருப்பார். எனக்கு அளந்து சொல்லத் தெரியாது.